உஷார்! கதவுக்கு அடியில் வருகிறது மரவட்டை

ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ராத்திரி வீட்டு விளக்கையெல்லாம் அணைத்து, வாசற்கதவைச் சாத்தி, வெளியே ஒருவரை நிறுத்தித் தரையோடு தரையாக டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். கதவுக்கு அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிகிறதா? அந்தக் கோடு வழியாகத்தான் மரவட்டை வரும். தேள் வரும். கட்டுவிரியன் குட்டிக்கும் அது தாராளம். புறவாசல் கதவு, குளியலறைக் கதவு, மாடிக்குப் போகும் கதவு, எதையும் விடாமல் இப்படிப் பார்த்துவிடுங்கள். மழை தொடங்கிவிட்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

“நம்ம ஊர்ல ஏது ஈரம்?” என்று சங்கரன்கோவில்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தென்காசியிலும் குற்றாலத்திலும் ஆனி, ஆடியில் சாரல் கொட்டும்போது நமக்குப் பெரும்பாலும் காற்றுதான் வந்து சேரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற ஊர் இது. வருஷத்தில் பெரும்பகுதி வெயிலில் காயும். நமக்கென்று வாய்த்த மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழை. அதனால்தான் பயப்படச் சொல்கிறேன். வருஷம் பூரா மழை பெய்கிற ஊர்க்காரன் ஈரத்தை நினைத்துத்தான் படியை உயர்த்துகிறான், கூரையைச் சரிக்கிறான், தண்ணீர் ஓட வழி விடுகிறான். நாம் வீடு கட்டுவது வெயிலை நினைத்து. காற்று வரட்டும் என்று வைத்த இடைவெளியெல்லாம் மழை வந்ததும் பூச்சிபொட்டுகளுக்கு வழியாகிவிடுகிறது.

இதில் கரிசல் மண்ணின் பங்கைச் சொல்லியே ஆகவேண்டும். வெயிலில் சுருங்கி வெடிப்பதும் மழையில் ஊறி உப்புவதும் அதன் குணம். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துக் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், கை நுழைகிற அளவுக்கு நிலம் பிளந்து கிடக்கும். அதே மண்மேல் நிற்கிற வீட்டைச் சுற்றியும் இது நடக்கிறது. சுவரின் அடிக்கும் வெளித்தரைக்கும் நடுவே விரல் நுழையும்படி ஒரு பிளவு விழும். சுவரோரம் போட்ட சிமென்ட் தரை அப்படியே பிரிந்து நிற்கும். மரவட்டைக்கு வெயில் ஆகாது. கோடை முழுவதும் மண்ணுக்குள் எங்கே கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கிறதோ அங்கே சுருண்டு கிடக்கும். மண்ணின் வெடிப்பு வழியாகத்தான் அது கீழே போகிறது, அதே வழியில்தான் மேலே வருகிறது. சுவரோரத்து வெடிப்பில் ஏறி வந்தால் நேரே நம் வீட்டு அஸ்திவாரத்தில்தான் தலை நீட்டும்.

முதல் நல்ல மழையில் ஏன் இப்படிக் கூட்டமாகக் கிளம்புகிறது? மரவட்டை மூச்சு விடுவது உடம்பின் ஓரத்தில் இருக்கிற நுண்துளைகள் வழியாக. அவற்றை இறுக மூடிக்கொள்ள அதனால் முடியாது. மண் நீரில் ஊறியதும் மூச்சு முட்டி மேலே ஏறுகிறது. மேட்டைத் தேடுகிறது. உங்கள் வாசற்படிதான் பக்கத்தில் இருக்கிற மேடு. படியேறி, கதவுக்கு அடியில் நுழைந்து, சுவரில் ஏறி, மட்டப்பா வரைக்கும் போய்விடும். ஆனால் உள்ளே அதிக நாள் பிழைக்காது. உடம்பின் ஈரத்தைப் பிடித்து வைக்கிற மெழுகுப் பூச்சு அதன் தோலில் சரியாக இல்லாததால், காய்ந்த தரையில் ஓரிரு நாளில் வறண்டு செத்துவிடும். காலையில் சுவரோரம் வளையம் வளையமாகச் சுருண்டு கிடப்பவை அப்படிச் செத்தவைதான். மழை விட்டு நாலைந்து நாள் கழித்தும் உயிரோடு நடமாடுகிறது என்றால் உங்கள் வீட்டுக்குள்ளேயே எங்கோ ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். குளியலறைக் குழாய் கசியலாம். அங்கணத்துத் தண்ணீர் சுவருக்குள் இறங்கலாம். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அப்படி ஒரு மழையில் மண்ணுக்குள் குடியிருக்கிற எல்லா உயிரும் ஒரே நேரத்தில் வீடிழக்கும், மேடு தேடும். மரவட்டை அந்த வரிசையில் முதலில் நம் கண்ணில் படுவது, அவ்வளவுதான். பின்னால் வருபவை இருட்டில் வரும்.

மரவட்டையையும் பூரானையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பூரான் தட்டையாக இருக்கும், விறுவிறுவென்று ஓடும், ஒரு கணுவுக்கு ஒரு ஜோடிக் கால், கடித்தால் விஷம் ஏறிக் கடுக்கும். மரவட்டை உருண்டையாக இருக்கும், ரயில் மாதிரி ஊரும், பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடிக் கால், தொட்டால் சுருளும். கடிக்காது, கொட்டாது. பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடுவதும் அதனால்தான். அங்கேதான் உஷாராக இருக்கவேண்டும். நசுக்கினாலோ சீண்டினாலோ கணுக்களின் ஓரத்திலிருந்து மஞ்சளாக ஒரு நீரைக் கக்கும். உருண்டை மரவட்டைகளில் பெரும்பாலும் அது பென்சோகுயினோன் என்கிற வேதிப்பொருள். தட்டையான சில இனங்கள் ஹைட்ரஜன் சயனைடையே சிறிதளவு வெளியிடும். எறும்பும் பறவையும் தின்னாமல் தற்காத்துக்கொள்ள இயற்கை கொடுத்த ஆயுதம்.

தோலில் பட்டால் எரியும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, சிலருக்குக் கருத்தே போகும். அந்தக் கறை போக வாரக்கணக்காகும், சிலருக்கு மாதக்கணக்காகும். அதிகமாக மாட்டிக்கொள்வது கால்விரல்கள். ராத்திரி வாசலில் கழற்றிப்போட்ட ஷூவுக்குள் மரவட்டை புகுந்துகொள்ளும். காலையில் பள்ளிக்கூட அவசரத்தில் பிள்ளை அப்படியே காலை நுழைக்கும். சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் விரல்கள் கருத்திருக்கும். ரத்த ஓட்டம் நின்று விரல் அழுகுகிறது என்று மருத்துவர்களே முதலில் நினைத்துப் பதறிய சம்பவங்கள் வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மழைக்காலம் முடியும்வரை ஷூவைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே பார்த்துவிட்டுத்தான் போடவேண்டும். தேளுக்கும் இந்தப் பழக்கம் உதவும். தோலில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் உடனே துடைத்தால் மிச்சமும் கரையும். முகத்துப் பக்கம் ஸ்பிரிட் கூடவே கூடாது.

கண்ணில் பட்டால் கதை வேறு. நசுக்கிய கையால் பிள்ளை கண்ணைக் கசக்கினால் கண் சிவந்து வீங்கும், நீர் கொட்டும், கருவிழியில் புண்ணே வரலாம். கவனிக்காமல் விட்டால் பார்வைக்கே ஆபத்து. ஓலைக் கூரை வீடுகளில் இந்தப் பயம் இன்னும் அதிகம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஓலைக் கூரைக்குள்ளேயே குடியிருக்கிற ஒரு மரவட்டை உண்டு. செனோபோலஸ் கார்னிஃபெக்ஸ் என்று பெயர். கரிய உடம்பில் சிவப்புத் தீற்றல், சிவந்த கால்கள். 1775-லேயே ஃபேப்ரிசியஸ் என்கிற டென்மார்க் அறிஞர் பெயரிட்டு எழுதிவைத்த இனம். மட்கிய ஓலைதான் அதற்குச் சாப்பாடு. மழையில் ஓலை ஊறியதும் கூரையிலிருந்து பாய்மேலும் பாத்திரத்திலும் விழும். ஓலைக் கூரை, பழைய ஓட்டுக் கூரையின் கீழ் படுக்கிற குழந்தைக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியாவது கட்டுங்கள். கொசுவலை இருந்தால் இன்னும் நல்லது. குடிதண்ணீர்க் குடத்துக்கு மூடி அவசியம்.

மரவட்டையின் நீர் கண்ணில் பட்ட உடனே, யோசிக்காமல், சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள். பதினைந்து, இருபது நிமிஷம் ஆனாலும் ஆகட்டும், பிள்ளை அழுதாலும் அழட்டும். பிறகு கண் மருத்துவரிடம் போகவேண்டும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, இரண்டும் வேண்டாம். ஆச்சிமார் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் புண்ணான கருவிழியில் கிருமி புகுந்துவிட்டால் அதை மீட்பது பெரும்பாடு. திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்துக்குச் சோம்பல்பட்டுக் கண்ணைப் பணயம் வைக்காதீர்கள்.

இனி நான் மிகவும் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மரவட்டையால் வருகிற கேட்டைவிட, மரவட்டைக்கு நாம் போடும் மருந்தால் வருகிற கேடு பெரிது. மழை பெய்த மறுநாள் கடைக்குப் போய், “அண்ணாச்சி, மரவட்டை தாங்கல, ஏதாவது மருந்து குடுங்க” என்று கேட்பதும், கையில் கிடைத்ததை வாங்கி வந்து வாசலெங்கும் தூவுவதும் நடக்கிறது. அதைவிட மோசம், வயலுக்கு வாங்கி மிஞ்சிய குருணை மருந்தை வீட்டைச் சுற்றிப் போடுவது. பருத்திக்கும் மிளகாய்க்கும் அடித்தது போக மிச்சம் பரணில் கிடக்கும், அதை எடுத்துத் தெளித்துவிடுவார்கள். இப்படி மிஞ்சிக் கிடக்கக்கூடிய போரேட், டைகுளோர்வாஸ் இரண்டும் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. போரேட்டை மிக மிக ஆபத்தான முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. தவழ்கிற குழந்தை அந்தத் தரையில் கைவைத்து அதே கையை வாயில் வைக்கும். கோழி அந்தக் குருணையைத் தானியம் என்று கொத்தும். பழைய டப்பா வீட்டில் இருந்தால் இன்றைக்கே பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பூட்டிவையுங்கள், வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு அப்புறப்படுத்துங்கள்.

எறும்புக்குக் கோடு கிழிக்கிற சாக்பீஸும் பூச்சிக்கொல்லிதான். பள்ளிக்கூடச் சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் பிள்ளைகள் அதை வாயில் வைக்கிறார்கள். குளியலறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு அதன்மேலேயே கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுவது இன்னொரு அபாயம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது நுரையீரலையே பழுதாக்கும். மரவட்டைக் கூட்டத்தைக் கண்ட பதற்றத்தில் இதைச் செய்துவிடாதீர்கள், உங்கள் வீட்டில் வேலை செய்ய வருகிற அக்காவுக்கும் சொல்லிவையுங்கள்.

இத்தனை ஆபத்துக்குப் பலனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. மருந்தை மிதித்த மரவட்டை உள்ளே வந்துதான் சாகும். அடுத்த மழையில் மண்ணிலிருந்து புதிதாக வரும். தெளித்த மருந்தோ மழையோடு வாறுகாலுக்குப் போய்விடும். யாராவது மருந்தைத் தொட்டு எச்சில் ஒழுகி, வியர்த்து, வாந்தி எடுத்து, மூச்சுத் திணறினால் உடனே 108. வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.

கட்டுவிரியனைப் பற்றிச் சொன்னது மிரட்டலுக்காக இல்லை. ராத்திரியில் இரை தேடுகிற பாம்பு அது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் நுழைந்து தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கிறது. கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்றுவலி, கண் இமை தொங்கிப் போவது, பேச்சுக் குழறுவது என்று தொடங்கும். “ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை” என்று கஷாயம் கொடுத்துக் கொண்டிருந்தால் உயிர் போய்விடும். தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை தொங்கினால் பாம்புக்கடி என்றே எண்ணி சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் தமிழ்நாடு 2024-இல் சேர்த்திருக்கிறது. அந்த அளவுக்குப் பெரிய பிரச்சினை. கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் செருகிக்கொண்டு தூங்குவதும் நல்ல காப்பு.

விஷஜந்துக்களுக்குப் பயந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ நம் ஊருக்கு வருகிறார்கள். சங்கரநாராயணர் கோவிலில் புற்றுமண் வாங்கி நெற்றியில் இடுகிறார்கள். பாம்பு, தேள் உருவம் பதித்த வெள்ளித் தகட்டைக் காணிக்கை போடுகிறார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் நேரக்கூடாது என்கிற அதே பதைப்புதான் என்னையும் எழுத வைக்கிறது. வேண்டுதலைச் செலுத்துங்கள். புற்றுமண்ணைக் கடிவாயிலோ கண்ணிலோ மட்டும் வைக்காதீர்கள், அங்கே குடியிருக்கிற கோமதியம்மன் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் கதவின் அடியைப் பாருங்கள்.

என்ன செய்யலாம்? முதலில் வீட்டுக்கு வெளியே. சுவரை ஒட்டி ஒன்றரை, இரண்டடி அகலத்துக்கு ஒன்றுமே இருக்கக்கூடாது. செங்கல் குவியல், விறகு, தேங்காய் மட்டை, வேப்பஞ்சருகு, பூசைக்குப் போட்டு வாடிய மாலைகள், உடைந்த பூந்தொட்டி, எல்லாம் மரவட்டைக்குச் சோறும் கூரையும். மட்கிய இலைதான் அதன் உணவு, ஈரமண்ணில்தான் முட்டை. எருக்குழி சுவரோரம் இருந்தால் தள்ளிப் போடுங்கள். அந்த இரண்டடியில் ஜல்லி பரப்பினால் சீக்கிரம் காயும், மரவட்டை கடக்கத் தயங்கும். மரவட்டையைத் தோட்டத்திலிருந்தே அழிக்க நினைக்க வேண்டாம். சருகை மண்ணாக்கித் தருவது அதுதான், செடிகளுக்கு அதனால் நன்மை. அது வீட்டுக்குள் வராமல் இருந்தால் போதும்.

மழை இல்லாத நாளிலும் சுவரடியை நனைத்து வைக்கிற தண்ணீர் எது என்று பாருங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாய், ஏ.சி. சொட்டு, வாஷிங் மெஷின் ட்யூப், மாடித்தொட்டி நிறைந்து வழிகிற பைப், இந்த நாலில் ஒன்றாவது சுவரோரம் கொட்டிக் கொண்டிருக்கும். அதை வாறுகால் வரைக்கும் நீட்டிவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கும் அங்கேதான் தண்ணீர் கிடைக்கிறது.

சுவரோரப் பிளவைக் கரிசலாலேயே மூடினால் அடுத்த கோடையில் திரும்ப வெடிக்கும். மணலோ கிராவலோ போட்டு இடித்து, மேலே சிமென்ட் பூசி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டையோ பிரஷ் பட்டையோ ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பழைய மரக்கதவு தரையில் சமமாக உட்காராது, ஒரு ஓரம் தூக்கியே நிற்கும். அதனால் பட்டையைத் தரையைத் தொடும்படி வைத்துப் பார்த்து, பிறகு திருகவேண்டும். அதுவரைக்கும் பழைய சேலையை உருட்டி ராத்திரி மட்டும் கதவடியில் இறுக்கி வையுங்கள். வயர், குழாய் நுழைகிற ஓட்டைகளை ஒயிட் சிமென்ட் வைத்து அடையுங்கள். குளியலறை ஜாலிக்கு நுண்கண் ஸ்டீல் வலை போடுங்கள்.

சாம்பலோ சுண்ணாம்புத் தூளோ கோடு போடுவது காய்ந்திருக்கும்வரை ஓரளவு தடுக்கும். ஒரு மழையில் கரைந்தால் வேலை செய்யாது. மஞ்சள் தண்ணீர் தெளிப்பதும் அப்படியே, தெளித்த ஈரம்தான் மிஞ்சும்.

இன்னொரு யோசனை ஆஸ்திரேலியாவிலிருந்து. அங்கே ஐரோப்பாவிலிருந்து வந்து பெருகிய ஒரு மரவட்டை இனம் வீடுகளை மொய்க்கிறது. 2013-இல் பெர்த் நகரில் ஒரு ரயில் நின்றிருந்த இன்னொரு ரயில்மேல் மோதியதற்கு, தண்டவாளத்தில் நசுங்கிக் கிடந்த மரவட்டைகளின் வழுக்கலையே காரணமாகச் சந்தேகித்தார்கள். அங்கே மக்களுக்குச் சொல்லப்படுகிற யோசனைகளில் ஒன்று, மழை ராத்திரியில் வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள் என்பது. வெளிச்சம் அந்த இனத்தை இழுக்கிறது. வாசலில் பெரிய எல்.இ.டி. விளக்கை விடிய விடிய எரிய விடுகிறவர்கள் நாமும் அணைத்துப் பார்க்கலாம், செலவில்லாத வேலை.

உள்ளே வந்துவிட்டவற்றை மிதிக்காதீர்கள். துடைப்பத்தால் முறத்தில் வாரி, சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள், இல்லையென்றால் தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டுங்கள். நம் ஊர்த் தறிக்கூடங்களில் இது இன்னும் முக்கியம். நசுங்கிய மரவட்டையின் சாறு துணியில் கறை பிடிக்கும், வெள்ளைத் துண்டிலும் இளநிறச் சேலையிலும் பட்டால் நஷ்டம்தான். தறிக்கு அடியில் ஒதுக்கிய கழிவுப் பஞ்சும் நூலும் ஈரத்தை உறிஞ்சிப் பூச்சிகளுக்குப் படுக்கை போட்டுக் கொடுக்கும். அங்கே தேளோ பூரானோ பதுங்கினால், ராத்திரி ஷிப்டில் வெறுங்காலோடு தறி ஓட்டுகிறவர்கள்தான் முதலில் கடிபடுவார்கள். முதலாளிமார் புரட்டாசிக்குள்ளேயே அந்தக் கழிவை அள்ளச் சொல்லவேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் பிளவை அடைத்துத் தரத் தயங்கலாம். போன் போட்டு, “அண்ணே, சுவரடி பிளந்து நிக்குது, வந்து ஒரு தடவை பாருங்க” என்று சொல்லுங்கள். ஓதம் ஏறினால் கெடுவது அவருடைய சுவர் என்பதையும் சொல்லுங்கள். வந்து பார்த்தால் செய்துவிடுவார். கதவடி ரப்பர் பட்டைக்கு மட்டும் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்களே வாங்கிப் போட்டுவிடுங்கள்.